ஒரு போத்தல் ஸ்பிரிற்

மெல்பேர்னின் வடக்கு ஓரத்துக் கிரெய்கிபர்னில் காற்று சும்மா அடிக்காது. ஒருமுறை ஒரு வீட்டுப் பின்வளவில் இருந்த டிரம்போலினைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் போய் இன்னொரு வீட்டுக் கூரையில் இறக்கியதாம். இறங்கும்போது அதன்மேல் ஒரு பூனை உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்ததாம். பூனையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். டிரம்போலின் உண்மை.

அந்தக் காற்றில் நின்று பிடிக்கிற பெரிய மரங்கள் அங்கே குறைவு. எல்லாம் புதுக் குடியிருப்பு. தெருவுக்குத் தெரு காய்க்காத பேரி மரங்களை நட்டு, விழுந்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடி முட்டுக்கொடுத்திருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் அவை மஞ்சளாகி, மே நடுப்பகுதியில் சிவந்து, பிறகு ஒரு காற்றோடு மொட்டையாகிவிடும். அந்த இடைப்பட்ட மூன்று கிழமையும் வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கிய நேசமலர், சாப்பாட்டுப் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இலை பொறுக்கினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா இதைப் பார்த்துவிட்டு, முழங்கால் நோவுக்கு நல்லதா என்று கேட்டார். இல்லை, பிள்ளைகளுக்குக் காட்ட என்றாள் நேசமலர். அந்த அம்மா நம்பவில்லை. மறுநாள் அவரும் ஒரு பை பொறுக்கினார்.

நேசமலருக்கு நாற்பத்தாறு வயது. வவுனியாவில் ஒன்பது வருடம் விஞ்ஞான ரீச்சராக இருந்தவள். அங்கே அவளுடைய ஆய்வுகூடத்துக்குக் கூரை பாதி, தண்ணீர் கிழமையில் இரண்டு நாள், நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் மழை வந்தால் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்பாள். 2012இல் படகில் வந்தாள். அன்றிலிருந்து கையில் இருப்பது இடைக்கால விசா. ஒன்று முடிய இன்னொன்று, அதுவும் முடிய இன்னொன்று, நடுவில் சில கிழமைகள் ஒன்றுமில்லாமலும். வேலை ஒரு மரக்கறித் தொழிற்சாலையில். குளிரறைக்குள் நின்று கோலிஃபிளவர் வெட்டுவாள். அவள் இதுவரை வெட்டிய கோலிஃபிளவரைப் பரப்பினால் மெல்பேர்னிலிருந்து சிட்னி வரைக்கும் பனி பெய்தது போலிருக்கும், விமானத்தில் போகிறவர்கள் ஏமாந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் பிரியந்தினி சொல்வாள். பிரியந்தினியும் அதே படகில் வந்தவள்தான். அவள் வெட்டுவது கரட்.

படிப்பிக்கிற வேலை எதைக் கேட்டாலும் இந்த நாட்டுச் சான்றிதழ்த் தாள் கேட்டார்கள். தாள் எடுக்கப் படிக்க வேண்டும். அவளுடைய விசாவில் படிக்க அனுமதி இல்லை. ஆகவே நேசமலருக்கு இருந்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் மட்டும். ஒரு ஆரம்பப் பாடசாலையின் மூன்று வகுப்பறைகளை எடுத்து, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நடத்தினார்கள். அதன் தலைவர் மகேந்திரராஜா, ஊரில் தபாலதிபராக இருந்தவர். பொறுப்பு என்ற சொல் வாசலில் கேட்டால் பின்கதவால் போய்விடுகிற மனுசன். அவரிடம் இரண்டு வருடம் நச்சரித்துத்தான் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிட விஞ்ஞானம் வாங்கினாள்.

"செய்யுங்கோ ரீச்சர்," என்றார் மகேந்திரராஜா. "ஆனால் விஞ்ஞானம் எண்டு மட்டும் பேர் போடாதேங்கோ. பிறகு ஆரும் வந்து சேர்டிபிக்கற் கேப்பினம். 'சொல்வளம்' எண்டு போடுவம்."

அப்படியே ஆயிற்று. சொல்வளத்தில் பிள்ளைகள் காந்தத்தால் மணலைக் கிண்டினார்கள், முட்டையை வினாகிரிக்குள் போட்டு ஓட்டைக் கரைத்தார்கள். மகேந்திரராஜா எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் ஒரே குரலில் "ஓடு, கரு, வெண்கரு" என்று சத்தமாகச் சொல்லவேண்டும் என்று ஒரு ஏற்பாடும் இருந்தது.

மார்ச் மாதம் இந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருத்தி வந்தாள். பெயர் கிரிஜா. கோயம்புத்தூர்க்காரி, பக்கத்துப் புறநகர் நூலகம் ஒன்றில் பிள்ளைகள் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவள்.

"டீச்சர், எங்க லைப்ரரில ஜூன்லேர்ந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கிளாஸ் ஆரம்பிக்கிறோம்," என்றாள். "ஸ்கூல் முடிஞ்சு வர்ற குழந்தைங்களுக்கு. கையால செஞ்சு பாக்கற சயின்ஸ். இயற்கைதான் தீம். இலை, விதை, காத்து, இந்த மாதிரி."

"என்னட்ட இந்த நாட்டுச் சேர்டிபிக்கற் ஒண்டும் இல்லையே, அம்மா."

"கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் நானே நேர்ல வர்றேன். ஒரு கிளாஸ் உக்காந்து பாத்து, நல்லா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்தா போதும். வேலைக்கு மட்டும் விசால அனுமதி இருக்கில்ல?"

"ஓம், வேலைக்கு இருக்கு."

"அப்புறம் என்ன, அப்ளிகேஷன் போட்டுடுங்க. மே மாசம் பதினேழாம் தேதி வர்றேன்."

பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக, தாள் இல்லையென்று சாத்திய கதவுகளைத்தான் நேசமலர் பார்த்திருந்தாள். இது தாள் கேட்காத கதவு. ஒரு பெண்பிள்ளை பின் வாங்கில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பார்த்து நாலு வரி எழுதினால் திறக்கும். அன்றைக்குத் தொழிற்சாலையில் கோலிஃபிளவர் வெட்டும்போது வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வெட்டினாள். பக்கத்தில் நின்ற வியட்நாம்காரி இவள் செபம் செய்கிறாள் என்று நினைத்துச் சிலுவை போட்டாள். நேசமலர் சொன்னது பச்சையம், கரோட்டின், அன்தோசயனின்.

அவள் தெரிந்தெடுத்த பரிசோதனை இதுதான். பச்சை இலைகளைக் கிழித்து ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மூழ்க ஸ்பிரிற் ஊற்றி, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் இலையின் நிறம் கரைந்து இறங்கும். பிறகு கோப்பி வடிக்கிற தாளை நாடாவாக வெட்டி, பென்சிலில் கட்டி, நுனி மட்டும் நனையும்படி தொங்கவிட வேண்டும். தாள் உறிஞ்ச உறிஞ்ச நிறம் மேலே ஏறும். ஏறும்போது பிரியும். பச்சை ஒரு இடத்தில் நிற்கும், மஞ்சள் அதைத் தாண்டிப் போகும். கோடை முழுக்க அந்த மஞ்சள் இலைக்குள்ளேயே இருந்தது என்று பிள்ளை தன் கண்ணால் காணும்.

"ஸ்பிரிற்றை நான் வாங்கிக்கொண்டு வாறன்," என்றாள் மகேந்திரராஜாவிடம்.

அவர் கையை உயர்த்தினார். "வேண்டாம் ரீச்சர். நீங்கள் கெமிக்கல் ஒண்டும் உள்ளுக்குக் கொண்டரக் கூடாது. உங்கட கையால வந்தா அது கமிட்டியின்ர பொறுப்பு. தாய் தேப்பன் குடுத்துவிட்டா அது தாய் தேப்பன்ர பொறுப்பு. வீட்டில கிடக்கிறதைக் கொண்டரச் சொல்லி நோட்டீஸ் போடுங்கோ."

அவள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: "வரும் சனிக்கிழமை சொல்வளம் வகுப்புக்கு ஒவ்வொரு பிள்ளையும் பச்சை இலை ஐந்தும், வெறும் ஜாம் போத்தல் ஒன்றும், வீட்டில் இருக்கும் ஸ்பிரிற் கொஞ்சமும் கொண்டுவரவும்."

வவுனியாவில் ஸ்பிரிற் என்றால் ஒன்றுதான். ஊதா நிறத்தில் இருக்கும், காயம் துடைக்கலாம், ஆய்வுகூட விளக்கு எரிக்கலாம். அதற்கு விளக்கம் எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. இலங்கைத் தமிழர் ஆங்கிலத்தின் 'ட்' சத்தத்துக்கு ற் போட்டு எழுதுவார்கள்: பிஸ்கற், ரிக்கற், ஸ்பிரிற். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதே ற்-ஐ ர் என்றுதான் வாசிப்பார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீடு தமிழ்நாடு.

அனன்யாவின் தாய் பிரவீணாதான் முதலில் கேட்டாள்: "ஸ்பிரிர்னா என்னங்க? ஏதாவது மூலிகையா?"

யாரோ ஒரு அப்பா எழுதினார்: "கூகிள்ல போட்டேன், அப்படி ஒண்ணு இல்ல."

இன்னொரு தாய்: "டைப்பிங் மிஸ்டேக்தான். ஸ்பிரைட்டா இருக்கும்."

பிரவீணா: "ஆமா, சோடாக்குள்ள மிட்டாய் போட்டு பொங்க வைப்பாங்களே, அந்த எக்ஸ்பெரிமென்ட். சூப்பர்."

அதற்குக் கீழே பெருவிரல் பெருவிரலாக விழுந்தது. அந்த நேரம் நேசமலரின் போன் தொழிற்சாலைப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. வேலை முடிந்து திறந்தபோது நாற்பத்துமூன்று செய்தி. கடைசிப் பத்தும் யாருடைய பிள்ளைக்கோ பிறந்தநாள் வாழ்த்து. அவளும் ஒரு வாழ்த்துப் போட்டுவிட்டு மூடினாள்.

அந்த நோட்டீஸ் முழுசாக விளங்கிய ஒரே ஆள் இராசையா. எழுபத்தெட்டு வயது, யாமினி என்ற பிள்ளையின் தாத்தா. யாமினியின் தாய் தகப்பன் இரண்டு பேரும் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே பையைக் கட்டி அனுப்புவது அவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஸ்பிரிற் என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தார். போய் அலுமாரியைத் திறந்தார். கொழும்பிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த தென்னஞ்சாராயம் முக்கால் போத்தல் இருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, படிப்புக்கல்லோ கேக்கினம் என்று தனக்குத் தானே சொல்லி, யாமினியின் தண்ணீர்ப் போத்தலை நிறைத்தார். மேலே கொம்புக் குதிரைப் படம் போட்ட ரோஸ் நிறப் போத்தல்.

பதினேழாம் தேதி குளிர். நேசமலர் எட்டு மணிக்கே போய்ச் சுடுதண்ணீர்க் கேத்திலையும் சட்டிகளையும் அடுக்கினாள். கிரிஜா வந்து, கையில் சின்ன ஐபேட்டோடு பின் வாங்கில் உட்கார்ந்தாள். "நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க டீச்சர்."

பதினொரு பிள்ளைகளும் கொண்டுவந்ததை மேசையில் வைத்தார்கள். ஏழு போத்தல் ஸ்பிரைட். இரண்டு கை துடைக்கிற ஜெல். நேர்ஸாக வேலை செய்யும் நிரஞ்சினியின் மகன் மட்டும், மேலே மருந்துக்கடைப் பெயர் ஒட்டிய சரியான ஸ்பிரிற் கொண்டுவந்திருந்தான். யாமினியின் முன்னால் ஜாம் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும்தான். அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று நேசமலர் நினைத்தாள்.

நேசமலர் ஏழு ஸ்பிரைட்டையும் இன்னொருமுறை எண்ணினாள். பின் வாங்கைப் பார்த்தாள். கிரிஜா எழுதத் தொடங்கியிருந்தாள். ஒன்பது வருடம் பாதிக் கூரை ஆய்வுகூடத்தில் படிப்பித்தவளுக்கு இல்லாததை வைத்துச் செய்வது புதிதல்ல.

"நல்லது," என்றாள். "இப்ப எங்களிட்ட மூண்டு திரவம் இருக்கு. சோடா, ஜெல், ஸ்பிரிற். எது இலையின்ர நிறத்தை வெளியில எடுக்கும்? முதல்ல சொல்லுங்கோ, பிறகு பாப்பம்."

"சோடா," என்றார்கள் ஏழு பேர். தங்கள் தங்கள் போத்தலை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை.

"ஒரு விதி. ஆய்வுகூடத்தில இருக்கிற ஒண்டையும் வாயில வைக்கக் கூடாது. சோடாவா இருந்தாலும்."

பிறகு நடந்ததை அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் பேரன் பேத்தி கண்டபிறகும் சொல்லக்கூடும், சொல்லும்போது ஒவ்வொரு நிறத்தையும் இரண்டாக்கிச் சொல்லவும் கூடும். சோடாவில் இலை மிதந்து குமிழி விட்டதே தவிர நிறம் அசையவில்லை. ஜெல்லில் ஒரு பச்சைக் கறை. ஸ்பிரிற் ஊற்றிய போத்தலில், சட்டியில் வைத்த கால் மணித்தியாலத்தில், கரும்பச்சை இறங்கியது. நாடாவைத் தொங்கவிட்டார்கள். எல்லாரும் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ரீச்சர், லுக், இட்ஸ் கிளைம்பிங்."

"தமிழில சொல்லுங்கோ."

"ஏறுது. ஏறுது, ரீச்சர்."

"என்ன நிறம் முன்னுக்குப் போகுது?"

"யெல்லோ. மஞ்சள். எங்க இருந்து வந்தது? நாங்க பச்சை இலைதானே போட்டம்."

"அது புதுசா வரேல்லை. முந்தியே உள்ளுக்கு இருந்தது. பச்சை கூடவா இருந்ததால உங்களுக்குத் தெரியேல்லை. குளிர் வர மரம் பச்சையை உடைச்சு, தேவையானதைத் திருப்பி எடுத்துப்போடும். மிஞ்சினது மஞ்சள். சிவப்புத்தான் புதுசு. அது மரம் கடைசி நேரத்தில செய்யிறது."

"ஏன் கடைசி நேரத்தில செய்யுது? விழப்போற இலைதானே?"

"அதைப் பற்றி இன்னும் பெரிய ஆக்களும் சண்டை பிடிச்சுக்கொண்டுதான் இருக்கினம்," என்றாள் நேசமலர். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்தது. பெரிய ஆட்கள் இலைக்காகச் சண்டைபிடிக்கிறார்கள் என்று இரண்டு பேர் எழும்பி நின்று நடித்துக் காட்டினார்கள். கிரிஜா ஐபேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தானும் ஒரு நாடாவைப் பார்க்கக் குனிந்தாள். "அழகா இருக்கு டீச்சர்," என்றாள் மெல்ல.

அந்த நேரம்தான் அனன்யாவுக்குத் தண்ணீர் விடாய்த்தது. ரீச்சர் சொன்ன விதியை அவள் மறக்கவில்லை. தன்னுடைய ஸ்பிரைட்டைத் தொடவில்லை. பக்கத்தில் கொம்புக் குதிரைப் போத்தல் இருந்தது. தண்ணீர்ப் போத்தல்தானே என்று திறந்து ஒரு வாய் எடுத்தாள்.

"நோ, தட்ஸ் த ஸ்பிரிற்," என்றாள் யாமினி. பிந்திவிட்டது.

அனன்யா துப்பிய துப்பலில் மூன்று நாடாவும் கிரிஜாவின் ஒரு கால் சப்பாத்தும் நனைந்தன. பிள்ளை இருமினாள், அழுதாள். நேசமலர் பாய்ந்து அவளைத் தொட்டிக்குக் கொண்டுபோய் வாய் கழுவி, தண்ணீர் கொடுத்து, கண்ணைப் பார்த்து, மூச்சைக் கேட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை. பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. பிறகு அனன்யா மற்றப் பிள்ளைகளைப் பெருமையோடு பார்த்து, "இட்ஸ் லைக் ஃபயர்," என்றாள். அதற்குள் அறை முழுக்கக் கலியாண வீட்டுப் பின்வளவு மாதிரி மணந்தது.

கிரிஜா போத்தலை எடுத்து மோந்தாள். "டீச்சர், இது சாராயம்."

வாசல் வாங்கில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இராசையாவைக் கூட்டிவந்தார்கள். மகேந்திரராஜாவும் பின்னால் வந்தார், வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"அப்பு, இதை நீங்களே போட்டுவிட்டது?" என்று கேட்டாள் நேசமலர்.

"ஓம் பிள்ளை, நான்தான்."

"சின்னப் பிள்ளையின்ர தண்ணிப் போத்தலுக்குள்ளயோ?"

"நீர்தானே பிள்ளை ஸ்பிரிற் எண்டு எழுதினனீர். இது ஸ்பிரிற் இல்லாமப் பின்ன என்ன, கோயில் தீர்த்தமோ? மற்றவை எல்லாம் சோடாவைக் குடுத்துவிட்டு ஏமாத்தியிருக்கினம். நான் இருந்ததிலயே திறமானதை அனுப்பினன்."

"நோட்டீஸ் ஆர் எழுதினது?" என்றார் மகேந்திரராஜா வாசலுக்கு வெளியிலிருந்து. "கமிட்டி எழுதேல்லை. அதை எல்லாரும் நினைவில வைச்சிருக்கவேணும். இந்த ஸ்கூல் வளவுக்குள்ள மதுபானம் கொண்டரக் கூடாது எண்டு ஒப்பந்தத்தில கிடக்கு. நான் ஒண்டும் காணேல்லை. நான் ஒஃபிசில இருந்தனான்."

"இஞ்சதானே நிக்கிறீர்," என்றார் இராசையா.

"நான் ஒஃபிசில," என்று சொல்லிக்கொண்டே மகேந்திரராஜா ஒஃபிசுக்குப் போனார்.

கிரிஜா நேசமலரை வெளியே, பிள்ளைகளின் பைகள் தொங்குகிற நடைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள்.

"டீச்சர், கிளாஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் இதுவரைக்கும் பாத்ததுல இதுதான் பெஸ்ட். அதை அப்படியே எழுதுவேன்," என்றாள். "ஆனா குழந்தை வாயில பட்டுடுச்சு. நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன். ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட் போட்டே ஆகணும். பயப்படாதீங்க, இது சும்மா ஃபார்மாலிட்டி."

"அதில என்ன எழுதுவீங்கள்?"

"நடந்ததுதான். தேதி, இடம், என்ன பொருள், யார் பொறுப்புல இருந்தாங்க."

"என்ர பேர்?"

"ஆமா, பேர் வரும். தப்பு உங்களோடது இல்லன்னும் எழுதுவேன்."

நேசமலர் சுவரில் கைவைத்து நின்றாள். விசா கைக்கு வந்த காலத்தில், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று ஒரு தாளில் ஒப்பம் வைத்திருந்தாள். எல்லாரும் வைத்ததுதான். அவளோடு வந்த இந்திரகுமார் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் யாரோடோ வாய்த்தர்க்கப்பட்டான். ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. ஆனால் அது எங்கோ எழுதப்பட்டது. ஐந்து மாதம் கழித்து அவனை வில்லாவுட் தடுப்பு முகாமில் போய்ப் பார்க்கவேண்டி வந்தது. எழுதியதால்தானா, வேறெதனாலுமா என்று எவருக்கும் தெரியாது. தெரியாததுதான் பயம். மது, சிறுபிள்ளை, நேசமலர் என்று மூன்று சொல் ஒரே தாளில் ஏறினால் அந்தத் தாள் எங்கே போகும், யார் மேசையில் எத்தனை வருடம் கிடக்கும், எந்தக் காலையில் எழும்பி வரும்? கிரிஜா பிறந்ததிலிருந்து தாள்களோடு நல்ல உறவில் இருப்பவள். அவளுக்குத் தாள் என்றால் தாள்.

"அம்மா," என்றாள் நேசமலர், "எழுதாமல் விட ஏலாதோ?"

"எப்படிங்க விடறது? நாளைக்கு அந்தக் குழந்தையோட அம்மா கம்ப்ளெயின்ட் பண்ணாங்கன்னா என் வேலை போயிடும்."

"நீங்கள் ஒஃபிஸ் வேலையா வந்தபடியாத்தானே எழுதவேணும்."

"ஆமா."

"நான் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கேல்லை எண்டா?"

கிரிஜாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகம் மாறியது. "டீச்சர், வேண்டாம். ஒரு ஃபார்ம்முக்காகவா? ரெண்டு மாசமா இதுக்குத்தானே காத்திருந்தீங்க."

"விண்ணப்பம் இல்லையெண்டா நீங்கள் பாக்க வந்த வகுப்பும் இல்லை. நீங்கள் சனிக்கிழமை சும்மா ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தனீங்கள். அப்ப உங்களுக்கு எழுத ஒண்டும் இல்லை. பிள்ளையின்ர தாயிட்ட நானே சொல்லுவன். ஒளிக்கமாட்டன்."

"அது சரியான்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியாது, அம்மா."

பைகளுக்கு நடுவே நின்றபடி நேசமலர் போனை எடுத்தாள். தனிப்பட்ட காரணங்களால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அந்தச் சொற்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும், இப்படியான கடிதங்கள் அவளுக்கு வந்திருக்கின்றன. நூலகத்துக்கு அனுப்பினாள். கிரிஜாவின் கையிலிருந்த ஐபேட் மெல்ல ஒரு மணி அடித்தது. கிரிஜா அதைப் பார்க்கவில்லை. எழுதி வைத்திருந்ததைத் திறந்து, முழுவதையும் தெரிந்தெடுத்து அழித்தாள். அதில் எத்தனை வரி இருந்தது, என்ன இருந்தது என்று நேசமலர் கேட்கவில்லை. கிரிஜா சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றும் சொல்லாமல் காருக்குப் போனாள். கார் வெகுநேரம் கிளம்பாமல் நின்றது.

பன்னிரண்டு மணிக்குப் பிரவீணா வந்தாள். நேசமலர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

பிரவீணா மகளைப் பார்த்தாள். மகள் ஓடித் திரிந்து எல்லாரிடமும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"துப்பிட்டாளா?" என்றாள் பிரவீணா.

"ஓம், ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகேல்லை. இருந்தாலும் நீங்கள் டொக்டரிட்டக் காட்டுறது நல்லது."

"காட்டிடறேன். ஆனா அதுக்கென்ன டீச்சர், இவ போன வருஷம் ஷாம்பூவே குடிச்சா." சிரித்தாள். "அவங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவர் அந்தத் தாத்தா வீட்டு அட்ரஸ் கேப்பார்."

நேசமலரும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தாள். கிரிஜாவின் கார் போய் இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. அன்று பின்னேரமே கிரிஜாவுக்கு ஒரு செய்தி எழுதினாள்: தாய் கோபிக்கவில்லை, முறைப்பாடு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பதில் வந்தது. "ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஆனா லெட்டர் சிஸ்டத்துல ஏறிடுச்சு. அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. சாரி." அடுத்த ஆளிடம் தாள் இருந்தது. ரோபோ செய்யப் பழக்குகிறவராம்.

அடுத்த தவணையில் சொல்வளம் இல்லை. பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்க நேரம் போதாது என்றார் மகேந்திரராஜா. சின்னப் பிள்ளைகளின் வரவைப் பதிவதையும், இடைவேளைக்கு பிஸ்கற் கொடுப்பதையும் நேசமலரிடம் விட்டார். "பொறுப்பில்லாத வேலை ரீச்சர், நிம்மதியா இருக்கலாம்," என்றார். அவர் அதை உபகாரமாகத்தான் சொன்னார். இராசையா கொஞ்ச நாள் கோபமாக இருந்தார். முக்கால் போத்தலைத் தொட்டியில் ஊற்றிவிட்டார்கள் என்பது அவருக்கு ஆறவில்லை. நேசமலருக்கு நூலக வேலை இருந்ததோ போனதோ அவருக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் ஒரு சிக்கல் இருந்தது. கிரிஜா வருவதற்கு முந்திய கிழமையே, நாலு வரி எழுதப்படும் என்ற நம்பிக்கையில், நேசமலர் மேற்பார்வையாளரிடம் போய் ஜூனிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் தனக்கு வேலை போடவேண்டாம் என்று கேட்டிருந்தாள். அவன் அந்த நாளை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டான். திருப்பிக் கேட்டபோது, குளிர்காலம் முடியட்டும், பார்ப்போம் என்றான்.

ஆகவே ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை நேசமலர் வீட்டில் இருந்தாள். வெளியே மரங்கள் மொட்டை. மழை சரிவாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு எழும்பிக் குளித்து, நல்ல சட்டை ஒன்றைப் போட்டு, பிறகு ஏன் போட்டேன் என்று தெரியாமல் குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள். காலை வேலை முடிந்து பிரியந்தினி நனைந்துகொண்டு வந்தாள்.

"இண்டைக்கு வேலை இல்லையோ?"

"இல்லை."

"ஏன், சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன்."

"அப்ப என்ன?"

"செவ்வாய்க்கிழமை," என்றாள் நேசமலர். பிரியந்தினி ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாள். தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டாள். சுவரில் மணிக்கூடு நாலாகிக்கொண்டிருந்தது, நூலகத்தில் வகுப்பு தொடங்கும் நேரம். அது நாலே கால் ஆகும்வரை நேசமலர் கதிரையை விட்டு எழும்பவில்லை.